ஒன்பதாம் கதவு

தூத்துக்குடியில் இறங்கி லாரியில் கீழக்கரை வந்தது
ஒரே வால்நட் மரம்,
பதினைந்து பலகையாக.
அமெரிக்காவில் எந்த ஆற்றங்கரையோ, தெரியாது.
வரிசை மாறாத அறுப்பு,
முனைகளில் சாக்பீஸ் எண்.

இப்போதே தொடாதே என்றேன் தபனிடம்.
இடையிடையே குச்சி வைத்து அடுக்கி
மூன்று வாரம் கூடத்திலேயே கிடத்தினோம்.
ஈரமானி எட்டு காட்டியது, பிறகு பத்து,
பிறகு பதினொன்றரையில் நின்றது.
தபன் நதியாக்காரன்.
அவனும் அந்த மூன்று வாரத்தில்தான்
இந்த ஊர் மீன்குழம்புக்குப் பழகினான்.

வீடு ஐனியா ராத்தாவுடையது.
இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு.
மாப்பிள்ளை ஹாங்காங்கில், செல்பேசிச் சதுரத்துக்குள்.
அவர் கேட்பது விலை,
ராத்தா கேட்பது அளவு.
"முழுக்க வைரம் ராத்தா, ஓரத்தில்தான் கொஞ்சம் வெளிறு"
என்று பலகையைப் புரட்டிக் காட்டினேன்.
"வைரத்தில் வெளிறு இருந்தால்
எங்க வாப்பா பொட்டலத்தையே திருப்பி அனுப்பிடுவாங்க"
என்றவர், குனிந்து
முனையின் எண்ணை ஒருமுறை சரிபார்த்தார்.

பன்னிரண்டடிச் சுவர், தரை முதல் உத்தரம் வரை.
பக்கச் சுவர் முருகைக்கல்.
தூக்குக்குண்டை விட்டேன்.
மேலே சரி, கீழே சரி,
இடுப்புயரத்தில் இருபத்திரண்டு மில்லி தொப்பை.
இடித்துப் பூசலாம் என்றார் இன்ஜினியர்.
சுவர் முந்தி வந்தது சார்,
மரம்தான் விட்டுக்கொடுக்கணும் என்றேன்.

காம்பஸின் ஒரு கால் சுவரைத் தடவியபடி இறங்க
மறுகால் பலகையில் அதே மேடும் பள்ளமும் எழுதியது.
வெட்டி வைத்தேன். இடித்தது.
எடுத்து இழைத்தேன், வைத்தேன்.
எடுத்தேன்.
ஏழாம் முறை, பீடிக்கட்டுத் தாள்
எங்கும் நுழையவில்லை.
தபன் வங்காளத்தில் ஏதோ கெட்டவார்த்தை சொன்னான்,
சந்தோஷத்தில்.

மறுநாள் காலையில்தான் பார்த்தோம்.
ஒன்பதாம் கதவின் விளிம்பில்
கழற்ற மறந்த இரும்புக் கிளாம்ப்.
இரவெல்லாம் கச்சான் காற்று.
இரும்பும் ஈரமும் அந்த மரத்தைத் தொட்டால்
மை.
பேனா கவிழ்ந்ததுபோல் ஒரு கறுப்பு வட்டம்.

வேறு கதவு போடலாமே என்பீர்கள்.
எட்டின் ரேகை ஒன்பதில் வளைந்து
பத்தில் போய் ஒதுங்குகிறது.
நடுவில் அந்நியப் பலகை வைத்தால்
தொழுகை வரிசையில் ஒருவர் மட்டும்
வேறு பக்கம் பார்த்து நிற்பதுபோல் இருக்கும்.

ஆக்ஸாலிக் கரைசல், இரண்டு முறை. கழுவல்.
முக்கால்வாசி போனது.
மிச்சத்தை இழைப்புளியால் சீவினேன்.
அப்போதும் நின்றது,
நெத்திலிக் கண்ணளவு ஒரு புள்ளி.

ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கண்ணாடி போட்டுப் பார்த்தார்,
கழற்றிப் பார்த்தார்.
"மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம்.
கூலியில் ரெண்டாயிரம் குறைச்சுக்குங்க.
விருந்தாளி பாயும் தலகாணியும்
ஒன்பதுலயே இருக்கட்டும்."
பிறகு தட்டில் தொதல் வந்தது.
தபன் நாலு துண்டு தின்றான்,
கிளாம்பை மறந்தவன்.

கிளம்பும்போது கேட்டார்:
கதவுக்கும் கதவுக்கும் ஏன் இத்தனை சந்து?
ஒரு ரூபாய்க் காசை எடுத்து
சந்தில் விட்டுக் காட்டினேன், தடையின்றிப் போனது.
"ஐப்பசியில இதே காசைப் போட்டுப் பாருங்க."
சித்திரை அது. அவர் நம்பவில்லை.

ஐப்பசி இருபத்தொன்று, இரவு.
பாம்பனில் வேறொரு வீட்டு வேலை,
மின்சாரமில்லை, மழை.
செல்பேசியில் ஒரு படம் வந்தது:
சந்தின் வாயில் நுழையாமல் நிற்கும் காசு,
பின்னால் மருதாணி விரல்.
திறக்குதா ராத்தா என்று அனுப்பினேன்.
திறக்குது, கொஞ்சம் முனகிக்கிட்டு, என்று பதில்.
பிறகு இன்னொன்று:
ஒன்பது மட்டும் சத்தமே போடலை, ஏன்?

கறைக்காக அந்த விளிம்பில்
ஒரு சீவல் கூடுதலாய் இழைத்தவன் நான்.
வால்நட் அப்படித்தான் ராத்தா,
என்று அனுப்பிவிட்டுப் படுத்தேன்.